பிகினியில் எழுந்த சாம்பல்



அணுகுண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நம் எண்ணம் ஜப்பான் நாட்டுக்குத் தாவுகிறது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா. 9ஆம் நாள் நாகசாகி. இரு மாநகரங்கள் கருகின, மக்கள் மடிந்தனர், போர் முடிந்தது, அதன் பிறகு அந்தக் கொடிய கருவியை எந்த நாடும் எவர் மீதும் ஏவவில்லை என்று பாடப்புத்தகம் பகர்கிறது. அரசியல் அறிந்தவர் எனப் பெயர் பெற்ற சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "அணுகுண்டு இருப்பதால்தான் மூன்றாவது உலகப் போர் மூளவில்லை, அதுவே அமைதியின் காவலாளி" என்றும் வாதாடுகின்றனர்.

ஏவவில்லையா? 1945க்குப் பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டுள்ளன, தோழர்களே! அவற்றுள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை திறந்த வெளியில், நாமெல்லாம் மூச்சு விடும் இதே காற்றில் வெடிக்கப்பட்டவை. அவற்றுக்குச் 'சோதனை' என்று பெயர் சூட்டினர். பெயர் மென்மையாக இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் எழுதும் பரீட்சைக்கும் அதே பெயர்தான்! ஆனால் அந்தச் சோதனைக்கு ஆளானவர் யார்? எவருடனும் போர் தொடுக்காதவர். எந்தப் படையிலும் சேராதவர். அணு என்ற சொல்லையே கேட்டறியாதவர். அத்தகைய மக்கள் மீது 1954 மார்ச் முதல் நாள் பொழிந்த நஞ்சைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். ஒரு நாள் விழுந்த சாம்பலைப் பற்றி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் பேசத்தான் வேண்டுமா என்று கேட்பவர் இருக்கலாம். சாம்பல் விழுந்தது ஒரு நாள். அதன் வேலை அந்த ஒரு நாளில் முடியவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

பசிபிக் மாகடலில், ஹவாய்த் தீவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே, மார்ஷல் தீவுகள் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. மலை கிடையாது, ஆறு கிடையாது. பவளப் பூச்சிகள் கட்டிய மேடுகள் வளையம் வளையமாகக் கடலுக்கு மேல் சில அடி உயரத்தில் தலை நீட்டிக்கொண்டிருக்கும். வளையத்தின் நடுவே அமைதியான காயல். தென்னையும் தாழையும் ஈரப்பலாவும் அங்கு உணவு. மீனும் நண்டும் உணவு. மழை நீரே குடிநீர். முதலில் ஜெர்மானியர் ஆண்டனர், பின்னர் ஜப்பானியர் ஆண்டனர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் கைப்பற்றினர். 1947இல் ஐக்கிய நாடுகள் சபை அத்தீவுகளை அமெரிக்காவின் பொறுப்பில் ஒப்படைத்தது. என்ன பொறுப்பு? நம் ஊர் வழக்கில் சொன்னால் தருமகர்த்தா பொறுப்பு. அம்மக்களின் நிலத்தைக் காப்பேன், உடல் நலத்தைக் காப்பேன் என்று அமெரிக்கா ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது.

கோவில் தருமகர்த்தாக்களின் திருவிளையாடல்களைக் கண்டு பழகியவர்கள் நாம். ஆனால் கோவிலையே வெடி வைத்துத் தகர்த்த தருமகர்த்தாவை நாம் கண்டதில்லை. 1946 முதல் 1958 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தத் தீவுகளில் 67 குண்டுகள் வெடிக்கப்பட்டன. 1952 நவம்பரில் வெடித்த ஒரே குண்டில் எலுகெலாப் என்ற தீவு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. நேற்று வரை நிலப்படத்தில் இருந்த தீவு, இன்று கடலடியில் ஒரு பள்ளம்!

பிகினி என்பது அந்த வளையங்களுள் ஒன்று. 1946 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் தொழுகை முடிந்து அமர்ந்திருந்த மக்களிடம் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஒருவர் வந்தார். மனித குலத்தின் நன்மைக்காக, போர்களுக்கெல்லாம் முடிவு காண்பதற்காக, சிறிது காலம் உங்கள் தீவை விட்டுத் தரவேண்டும் என்று கேட்டார். வேதப் புத்தகத்து மக்களோடு அவர்களை ஒப்பிட்டும் பேசினார். துப்பாக்கி தாங்கிய வல்லரசு 'கேட்டால்' அதற்கு மறுமொழி என்னவாக இருக்க முடியும்? 167 பேர் மூட்டை கட்டினர். கொண்டுபோய் விடப்பட்ட ரோங்கெரிக் தீவில் உணவு போதவில்லை, பட்டினி வாட்டியது. 1948இல் அங்கிருந்து எடுத்து, காயலே இல்லாத கிலி என்னும் தீவில் இறக்கினர். மீன் பிடித்து வாழ்ந்த மக்களுக்கு ஓடம் இறக்க ஒதுக்கிடம் இல்லாத தீவு! 'சிறிது காலம்' இன்னும் முடியவில்லை.

இனி 1954க்கு வருகிறேன். மார்ச் முதல் நாள் காலை 6.45 மணி. பிகினியில் வெடிக்கப்பட்டது ஹைட்ரஜன் குண்டு. அந்தச் சோதனைக்கு வைத்த பெயர் 'பிராவோ'. நம் மொழியில் 'பலே!' குண்டுக்குச் செல்லப் பெயரும் உண்டு: 'இறால்'. இந்த இறால் 50 அல்லது 60 இலட்சம் டன் வெடிமருந்தின் ஆற்றல் தரும் என்று கணக்கிட்டிருந்தனர். அது தந்ததோ 150 இலட்சம் டன் ஆற்றல்! ஹிரோஷிமாவை எரித்த குண்டைப்போல் ஆயிரம் மடங்கு. குண்டினுள் இருந்த லித்தியத்தில் ஒரு வகை வினையில் கலந்து கொள்ளாது என்று அறிஞர்கள் எண்ணியிருந்தனர். அது கலந்து கொண்டது. உலகின் தலைசிறந்த பௌதிக அறிஞர்களின் கணக்கு, ஒரே காலையில், இரண்டரை மடங்கு பிழையாயிற்று. அணுகுண்டை அறிவாளிகள் கையில் விட்டிருக்கிறோம், அச்சம் வேண்டா என்று கூறுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

காற்று எத்திசை வீசும் என்பதும் அவர்களுக்குத் தெரியாததன்று. முதல் நாள் நள்ளிரவிலேயே, மேல்காற்று மக்கள் வாழும் கிழக்குத் திசைக்குத் திரும்புகிறது என்ற செய்தி அதிகாரிகளின் மேசைக்கு வந்துவிட்டது. சோதனையை நிறுத்தவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள். 1946இல் இதைவிடச் சின்னஞ்சிறு குண்டுகளை வெடித்தபோது, அக்கம்பக்கத்துத் தீவான ரோங்கலாப் மக்களை முன்னெச்சரிக்கையாக அப்புறப்படுத்தி இருந்தனர். 1954இல் அம்மக்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ரோங்கலாப், பிகினிக்குக் கிழக்கே நூறு மைல் தொலைவில் இருக்கிறது. சென்னையில் வெடித்தால் விழுப்புரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். விடிவதற்கு முன் எழுந்த மக்கள் மேற்கு வானில் சூரியன் எழக் கண்டனர். பிறகு இடியோசை, பிறகு அமைதி. சில மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெண்மையான தூள் விழத் தொடங்கியது. வெடியில் ஆவியாகிப்போன பவளப் பாறை, சுண்ணாம்புப் பொடியாய் மாறி, நஞ்சைச் சுமந்து கொண்டு இறங்கியது. அஃது என்னவென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடின. உடம்பில் பூசிக் கொண்டன. குடிநீர்த் தொட்டியில் விழுந்தது, நீர் மஞ்சளாயிற்று, அந்த நீரைக் குடித்தனர். உணவில் விழுந்தது, உண்டனர்.

இரவு வந்தது. அரிப்பு, எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் மாலை கடல் விமானத்தில் இரண்டு பேர் வந்தனர். கையிலிருந்த கருவியால் மண்ணையும் நீரையும் அளந்தனர். நீரைக் குடிக்காதீர்கள் என்றனர். அரை மணி நேரம்கூட நிற்காமல் பறந்து சென்றனர். அடுத்த நாள், மார்ச் 3ஆம் தேதி, போர்க்கப்பல் வந்து மக்களை ஏற்றிக் கொண்டது. அதற்குள் இரண்டு நாட்கள் அந்தச் சாம்பலிலேயே படுத்து எழுந்திருந்தனர். அப்போது ரோங்கலாப்பில் இருந்தவர் 64 பேர். அருகேயிருந்த அய்லிங்கினே திட்டுக்குச் சென்றிருந்தவர் 18 பேர். ஆக 82 பேர். தாயின் வயிற்றிலிருந்த சிசுக்கள் இந்தக் கணக்கில் இல்லை. பக்கத்துத் தீவொன்றில் வானிலை பார்த்துக் கொண்டிருந்த 28 அமெரிக்கர்களை மட்டும் முன்னதாகவே விமானத்தில் அப்புறப்படுத்திவிட்டனர். தோலின் நிறத்துக்குத் தக்கபடிதான் அவசரமும் வரும் போலும்!

மார்ச் 11ஆம் தேதி அமெரிக்க அணுசக்தி ஆணையம் அறிக்கை வெளியிட்டது. வழக்கமான சோதனையின்போது 28 அமெரிக்கரும் 236 தீவு மக்களும் எதிர்பாராமல் சிறிதளவு கதிரியக்கத்துக்கு ஆளாயினர், தீப்புண் எதுவுமில்லை, எல்லோரும் நலம். இதுதான் அறிக்கையின் சாரம். அறிக்கை வந்த சில நாட்களில் அம்மக்களின் கழுத்திலும் காலிலும் தோல் கருகி உரிந்தது. தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. அதன் பின்னும், மாத இறுதியில், ஆணையத்தின் தலைவர் லூயி ஸ்ட்ராஸ் பத்திரிகையாளரிடம், அம்மக்களை நேரில் கண்டேன், நலமாகவும் மகிழ்ச்சியாகவும் காணப்பட்டனர் என்று கூறினார்.

கடலில் இன்னொரு கதை நடந்து கொண்டிருந்தது. ஜப்பானின் யாய்சு துறைமுகத்து மீன்பிடிக் கப்பல் ஒன்று. பெயர் 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்'. 23 மீனவர். அபாய எல்லை என்று அமெரிக்கா அறிவித்திருந்த பகுதிக்கு வெளியேதான் அவர்கள் சூரை மீன் பிடித்துக் கொண்டிருந்தனர். அவர்கள் மீதும் வெண்தூள் பொழிந்தது. தூண்டில் கயிறுகளை இழுத்து முடிக்கும் வரை சாம்பலில் நின்று வேலை செய்தனர். இரண்டு வாரம் கழித்து ஊர் திரும்பியபோது முகம் கறுத்து, ஈறில் குருதி கசிய வந்து இறங்கினர். கப்பலின் வானொலிக்காரர் அய்கிச்சி குபோயாமா அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அணுகுண்டுக்கு இரையாகும் கடைசி மனிதன் நானாக இருக்கட்டும் என்பது அவர் விட்டுச் சென்ற வேண்டுகோள். குருதி ஏற்றியதால் வந்த ஈரல் நோயால் இறந்தார், கதிரியக்கத்தால் அன்று என அமெரிக்கத் தரப்பில் வாதாடினர். ஈரல் நோய் இருந்தது உண்மைதான். நல்ல உடலோடு கடலுக்குப் போனவருக்குக் குருதி ஏற்ற வேண்டிய நிலை ஏன் வந்தது? அந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லை. 1955 ஜனவரியில், சட்டப்படி பொறுப்பேற்காமல், 20 இலட்சம் டாலரை ஜப்பானிடம் கொடுத்து ஏட்டை மூடினர்.

ஆனால் அக்கப்பல் ஓர் உதவி செய்தது. அதன் மேல்தளத்தில் கிடந்த சாம்பலை ஜப்பானிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அந்தக் குண்டின் மறைவான அமைப்பு அதிலிருந்து வெளிப்பட்டது. வெடியின் நச்சுத் தூள் எவ்வளவு பெருக்கமாக விளைந்தது என்பதும் வெளிப்பட்டது. மறைக்க முடியாத நிலையில்தான் 1955 பிப்ரவரியில் அமெரிக்க ஆணையமே வாய் திறந்தது. அந்த ஒரு குண்டின் சாம்பல், சுமார் 7,000 சதுர மைல் பரப்பில், ஓடி ஒளியாதவர் உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு விழுந்தது என்று ஒப்புக் கொண்டது. பழைய தஞ்சை மாவட்டம் முழுவதையும் எடுத்துக் கொள்ளுங்கள். அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு!

இந்தச் சாம்பல் எவ்வாறு கொல்கிறது? இதனை நம் தோழர்கள் தெளிவாக அறிந்து வைத்திருக்க வேண்டும். ஏனெனில், "கதிரியக்கம் மழையில் கரைந்து போகும், காற்றில் கலந்து போகும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு.

அணு பிளக்கும்போது புதிது புதிதாய்ப் பல பொருள்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் பாதியாய்த் தேயும். அயோடின் 131 எட்டே நாளில் பாதியாகும். விரைவில் போய்விடுகிறதே என்று மகிழ வேண்டா. அந்தச் சில வாரங்களுக்குள் அது குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் புகுந்து குடியேறிவிடும். சீசியம் 137 பாதியாக 30 ஆண்டு ஆகும். தென்னை மரத்துக்கு அதற்கும் சாம்பல் சத்தான பொட்டாசியத்துக்கும் வேறுபாடு தெரியாது. வேரால் உறிஞ்சி இளநீரில் ஏற்றிவிடும். ஸ்ட்ரான்ஷியம் 90 பாதியாக ஏறத்தாழ 29 ஆண்டு. இதுதான் மெத்தப் பொல்லாதது. உடலுக்கு அது சுண்ணாம்புச் சத்துப்போல் தோன்றுகிறது. மழையோடு புல்லில் இறங்கி, புல்லைத் தின்ற பசுவின் பாலில் கலந்து, பாலைக் குடித்த பிள்ளையின் எலும்பில் போய் உட்கார்ந்து கொள்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் கதிர் வீசுகிறது. பாலைக் காய்ச்சினால் போகுமா? போகாது. அடுப்பின் நெருப்புக்கு அது அடங்குவதில்லை.

1954இல் எலும்பேறிய ஸ்ட்ரான்ஷியம் உடலில் அப்படியே தங்கியிருந்தால் 1983இல் பாதி, 2012இல் கால் பங்கு. இப்படியாகப் போகும் கணக்கு இது. புளூட்டோனியம் என்று ஒன்று இருக்கிறது. அது பாதியாக 24,000 ஆண்டுகள். நம் சங்கப் பாடல்களுக்கு வயது ஈராயிரம் என்று பெருமையோடு கூறிக் கொள்கிறோம். அதைப்போல் பன்னிரண்டு மடங்கு காலம் கழிந்த பின்னும் பாதி நஞ்சு மிச்சம் இருக்கும்.

விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் நாட்டுப்புற வழக்கம். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துத் தாய்மார்கள் 1958 இறுதியிலிருந்து அந்தப் பற்களைச் சேர்த்து ஆராய்ச்சிக்கு அனுப்பத் தொடங்கினர். பாரி காமனர், லூயிஸ் ரைஸ் அம்மையார் ஆகிய அறிஞர்கள் அதற்குத் துணை நின்றனர். பல்லைக் கொடுத்த பிள்ளைக்குச் சட்டையில் குத்திக் கொள்ள ஒரு சிறு சின்னம் தந்தனர். பிந்திய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் பல்லில் ஸ்ட்ரான்ஷியம் கூடிக்கொண்டே போவதை 1961இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பிகினிக் கடலுக்கும் அந்த நகரத்துக்கும் பல்லாயிரம் மைல்! எதிரிக்கென்று செய்த நஞ்சு, செய்தவன் வீட்டுப் பாற்கிண்ணத்திலேயே வந்து இறங்கியது.

மக்கள் வாளாவிருக்கவில்லை. டோக்கியோ நகரின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள், மீன் வாங்க அஞ்சிய இல்லத்தரசிகள், வீடு வீடாய்ச் சென்று கையெழுத்து வாங்கத் தொடங்கினர். ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் அது மூன்று கோடிக் கையெழுத்துகளைத் தாண்டியது. கட்சி வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு கையெழுத்து வாங்க எத்தனை படி ஏற வேண்டும் என்பது தெரியும். மூன்று கோடி என்றால் எண்ணிப் பாருங்கள். அந்த அலையில் எழுந்ததுதான், குண்டுக்குத் தப்பியவர்கள் 1956இல் அமைத்த நிஹோன் ஹிடான்கியோ என்ற அமைப்பு. 2024ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

இந்தியாவின் குரலும் அன்று எழுந்தது. 1954 ஏப்ரல் 2ஆம் நாள் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில், சோதனைகளை உடனே நிறுத்தி வைக்க ஓர் உடன்பாடு வேண்டும் என்று கேட்டார். உலக அரசுத் தலைவர்களுள் அதை முதன்முதல் கேட்டவர் அவரே எனலாம். 1955 ஜூலையில் பெர்ட்ரண்டு ரசல், ஐன்ஸ்டைன் முதலான 11 அறிஞர்கள் கையெழுத்திட்ட அறிக்கை வெளிவந்தது. கையெழுத்திட்ட சில நாட்களில் ஐன்ஸ்டைன் மறைந்திருந்தார். 1958இல் லைனஸ் பாலிங் பல நாட்டு அறிவியலாளர் ஆயிரக்கணக்கானோரின் விண்ணப்பத்தை ஐ.நா. சபையிடம் தந்தார். 1962 செப்டம்பரில், நம் இராஜாஜி, 83 வயதில், அதுவரை மேலை நாட்டில் கால் வைத்திராதவர், வாஷிங்டன் சென்று கென்னடியிடம் நேரில் அமர்ந்து சோதனையை நிறுத்துமாறு வாதாடினார். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. அந்தத் தள்ளாத வயதின் பயணத்தை எதிர்க்க எவரும் இலர்.

1963 ஆகஸ்டு 5ஆம் நாள் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வானிலும் வெளியிலும் கடலடியிலும் வெடிப்பதில்லை என்று அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் ஒப்புக் கொண்டன. பிரான்சும் சீனாவும் ஒப்பவில்லை. வான்வெளியில் கடைசிக் குண்டைச் சீனா வெடித்தது 1980இல். குண்டு வைத்திருப்போர் தாமாக மனம் இரங்கி நிறுத்தினர் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மீன்காரியின் கூடையும் பாற்பல்லும் கையெழுத்துத் தாளும் அவர்களை மேசைக்கு இழுத்து வந்தன.

ஆனால் ரோங்கலாப் மக்களை எந்த ஒப்பந்தமும் மீட்கவில்லை. குண்டு வெடித்த சில வாரங்களில், 1954 ஏப்ரலில், மார்ஷல் தீவினர் ஐ.நா. சபைக்கே ஒரு விண்ணப்பம் எழுதினர். சோதனையை நிறுத்துங்கள், நிலம் எங்களுக்கு உயிர், நிலம் போனால் எங்கள் உயிரும் போகும் என்ற கருத்துப்பட எழுதினர். சோதனை நிற்கவில்லை. 1956இலும் 1958இலும் குண்டுகள் தொடர்ந்து வெடித்தன.

1957 ஜூனில், தீவு பாதுகாப்பானது என்று கூறி அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்று ரோங்கலாப்பில் குடியேற்றினர். அதற்கு ஓராண்டுக்கு முன், 1956 ஜனவரியில், அணுசக்தி ஆணையத்தின் குழுக் கூட்டம் ஒன்றில் அதிகாரி ஒருவர் பேசியது குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தத் தீவுகள் உலகிலேயே மிகுதியாக நஞ்சேறிய இடம். மக்கள் அங்கு வாழும்போது எவ்வளவு நஞ்சு உடலில் ஏறுகிறது என்று அளப்பது சுவையான ஆராய்ச்சி. அவர்கள் நம்மைப்போல் நாகரிக வாழ்வு வாழ்பவரல்லர் என்றாலும், எலிகளைவிட நம்மை ஒத்தவர்கள். பேச்சின் கருத்து இது. தோழர்களே, எதிரி இட்டுக்கட்டிய பழிச்சொல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர்கள் குறிப்பேடு, அவர்கள் மொழி.

1963இலிருந்து தைராய்டுக் கட்டிகள் தோன்றின. சாம்பல் விழுந்த நாளில் பத்து வயது நிரம்பாதிருந்த ரோங்கலாப் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அன்று ஒரு வயதுக் குழந்தையாயிருந்த ஒருவன் 1972இல், பத்தொன்பதாம் வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தான். மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்தனர், குருதி எடுத்தனர், சிறுநீர் எடுத்தனர், அளந்தனர், எழுதிக்கொண்டு போயினர். பிகினி மக்களுக்கும் இதே கதை: 1968இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், திரும்பிச் செல்லலாம் என்று அறிவித்தார், சில குடும்பங்கள் திரும்பின, அவர்கள் உண்ட தேங்காய் வழியே சீசியம் உடலில் ஏறியது தெரிந்ததும் 1978இல் மறுபடி வெளியேற்றினர்.

1985இல் ரோங்கலாப் மக்கள் தாமே ஒரு முடிவுக்கு வந்தனர். அரசுகளை நம்பிப் பயனில்லை என்று, கிரீன்பீஸ் இயக்கத்தின் 'ரெயின்போ வாரியர்' கப்பலை வரவழைத்து, முந்நூறு பேருக்கு மேல், வீட்டுப் பலகைகளையும் பிரித்து ஏற்றிக்கொண்டு, பிறந்த மண்ணைத் துறந்து வேறு தீவுக்குச் சென்றனர். அந்தக் கப்பலை அடுத்த இரண்டு மாதத்துக்குள் நியூசிலாந்துத் துறைமுகத்தில் பிரெஞ்சு அரசின் ஒற்றர்கள் வெடிவைத்து மூழ்கடித்தனர். பிரான்சின் பசிபிக் சோதனைகளைத் தடுக்கப் போகிறதே என்ற கோபம்!

அமெரிக்காவை மட்டும் ஏசுகிறான் என்று யாரும் எண்ண வேண்டா. சோவியத் நாடு தன் மாஸ்கோவுக்கு அருகில் வெடித்ததா? கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் புல்வெளியில் 1949 முதல் 1989 வரை 456 குண்டுகளை வெடித்தது. ஆட்டு மந்தை மேய்த்தவர் மீது அந்தத் தூள் விழுந்தது. ஓல்ஜாஸ் சுலைமேனோவ் என்ற கவிஞர் 1989இல் மக்களைத் திரட்டி எழுந்தார். 1991இல் அக்களம் மூடப்பட்டது. பிரிட்டன் தன் குண்டை ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் மண்ணில் வெடித்தது. பிரான்சு முதலில் அல்ஜீரியப் பாலைவனத்தில், பின்னர் பாலினீசியத் தீவுகளில் வெடித்தது. அமெரிக்கா நெவாடா பாலையில் வெடித்தபோது அதன் சொந்தக் குடிமக்களே காற்றின் வழியில் அகப்பட்டனர். கொடியின் நிறம் எதுவாயினும், குண்டு விழுந்த இடம் எளியவன் வீட்டு முற்றம்.

பணம் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தனர். 1986இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தின்படி 15 கோடி டாலர் நிதி. இழப்பை விசாரித்த தீர்ப்பாயம் வழங்க வேண்டுமென்று கணக்கிட்டதோ 200 கோடி டாலருக்கு மேல். பெட்டி காலியாயிற்று, தீர்ப்பு தாளில் நிற்கிறது. எனிவெட்டாக் வளையத்தின் ரூனிட் தீவில், 1958இல் ஒரு குண்டு தோண்டிய பள்ளத்தில், நஞ்சேறிய மண்ணை வாரிக் கொட்டி, அதன்மேல் ஒன்றரை அடிக் கனத்தில் கான்கிரீட் மூடி போட்டிருக்கின்றனர். 1980இல் வேலை முடிந்தது. பள்ளத்தின் அடியில் எந்தத் தளமும் இடவில்லை. கடல் நீர் கீழே போய் வருகிறது. நான் முன்பு சொன்ன 24,000 ஆண்டுப் புளூட்டோனியம் அதற்குள் இருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்து வரும் காலம் இது. கான்கிரீட்டின் ஆயுள் என்னவென்று நம் ஊர்க் கொத்தனாரைக் கேளுங்கள்.

இறுதியாக நம் நாட்டைத் தொடும் ஒரு செய்தி. 2014 ஏப்ரலில் மார்ஷல் தீவுகள் அரசு, அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இழப்பீடு கேட்கவில்லை, காலணா கேட்கவில்லை. குண்டுகளைக் களையப் பேச்சுவார்த்தை நடத்துவது உங்கள் கடமை, அதைச் செய்யுங்கள் என்றே கேட்டது. நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றிருந்த மூன்று நாடுகள் மீதுதான் வழக்கு நடந்தது: பிரிட்டன், பாகிஸ்தான், இந்தியா. 1954இல் அம்மக்களுக்காகக் குரல் எழுப்பிய இந்தியா, 1974இலும் 1998இலும் பொக்ரான் மண்ணுக்கடியில் வெடித்துப் பார்த்த இந்தியா, அறுபது ஆண்டு கழித்து அதே மக்களின் எதிர்த்தரப்பில் வழக்கறிஞரை நிறுத்தியது. 2016 அக்டோபர் 5ஆம் நாள், வழக்குக்குரிய தகராறே எழவில்லை என்று கூறி நீதிமன்றம் மூன்று வழக்குகளையும் தள்ளியது. பிரிட்டன் மீதான வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டாய்ப் பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கால் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு, 2017 ஜூலையில், அணுகுண்டையே சட்டவிரோதமாக்கும் ஒப்பந்தத்தை 122 நாடுகள் ஐ.நா. சபையில் ஆதரித்தன. குண்டு வைத்திருக்கும் நாடுகளுள் ஒன்றுகூட அந்த மன்றத்துக்குள் வரவில்லை, இந்தியாவும் வரவில்லை. பாகிஸ்தான் வைத்திருக்கும்போது நாம் மட்டும் எப்படி விடுவது என்பார்கள். சிந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெடித்தாலும் இந்தப் பக்கம் வெடித்தாலும் காற்றுக்கு எல்லைக் கோடு தெரியாது என்பதை 1954இன் மேல்காற்று ஏற்கெனவே காட்டிவிட்டது. அந்தக் கேள்வியை எழுப்பும் தோழரிடம் சினம் கொள்ளாமல், ரோங்கலாப்பின் கதையைச் சொல்லுங்கள்.

மார்ச் முதல் நாளை மார்ஷல் தீவினர் நினைவு நாளாகக் கொள்கின்றனர். அன்று அந்நாட்டில் அரசு விடுமுறை. அடுத்த மார்ச் முதல் நாள் மாலை, உங்கள் படிப்பகத்தில் உலகப் படத்தை விரித்து வையுங்கள். அந்தத் தீவுகள் கண்ணுக்கு எளிதில் அகப்படா. குண்டூசி முனையளவு புள்ளிகள். தேடிக் கண்டுபிடித்து, இளைஞர்களுக்குக் காட்டி, அங்கே வெடித்தவை 67 என்பதையும் சொல்லி, பேச்சைத் தொடங்குங்கள்.